முதல் பெயின்ட்பால் மார்க்கர்: வேகத்தைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

நான் முதலில் வாங்கிய மார்க்கர் (பெயின்ட்பால் ஆட்டத்தில் சாயப் பந்துகளைச் சுடும் துப்பாக்கி) இரண்டாவது ஆட்டத்திலேயே படுத்துவிட்டது. யாரோ பயன்படுத்திய எலெக்ட்ரானிக் மார்க்கர், பார்க்க அவ்வளவு அழகு. பேரலின் (பந்து வெளியேறும் குழலின்) வாயிலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று கசிந்துகொண்டே இருந்தது. காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும், அதற்குத்தான் இந்தப் பதிவு.

படி 1: மாஸ்க்

மார்க்கருக்கு முன்னால் மாஸ்க் வாங்குங்கள். பெயின்ட்பாலுக்கென்றே செய்ததாக, இரட்டை அடுக்குத் தெர்மல் லென்ஸ் உள்ளதாக இருக்கட்டும். ஒற்றை லென்ஸில் மூச்சுக்காற்றால் பனி படியும். பனி படிந்தால் ஆட்டத்தின் நடுவில் மாஸ்க்கைத் தூக்கிப் பார்க்கக் கை போகும், கண் போவது அந்த நொடியில்தான். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

படி 2: வகை

பம்ப், மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக் என மூன்று வகை. பம்ப் மார்க்கரில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துவிட்டுச் சுட வேண்டும். 1981 ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் ஆடிய முதல் ஆட்டமே அப்படிப்பட்ட மார்க்கரில்தான் நடந்தது. நெல்-ஸ்பாட் 007 என்ற அந்தக் கருவி மரங்களிலும் மாடுகளிலும் அடையாளம் போடுவதற்காக வந்தது. 'மார்க்கர்' என்ற பெயர் ஏன் பொருத்தம் என்பது இப்போது புரிந்திருக்கும். வேகமாகச் சுடாமலும் இந்த ஆட்டத்தை நன்றாக ஆட முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் மார்க்கருக்கு என் தேர்வு மெக்கானிக்கல்தான். பேட்டரி வேண்டாம், சர்க்யூட் போர்டு இல்லை. டிப்மன் 98 கஸ்டம் போன்ற ப்ளோபேக் (சுடும் காற்றிலேயே அடுத்த சுடுதலுக்குத் தயாராகும்) மார்க்கர் சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டு ஆடலாம், உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கும். இன்னும் மென்மையாகச் சுட வேண்டுமென்றால் பிளானெட் எக்லிப்ஸ் ஈமெக் பாருங்கள். அதுவும் மெக்கானிக்கல்தான், ஆனால் உள்ளே ஸ்பூல் வால்வு, அதாவது முன்னும் பின்னும் நகரும் உருளையே காற்றைத் திறந்து மூடும். குறைந்த அழுத்தத்தில் இயங்குவதால் ஓடு மெல்லிய பந்துகளையும் உடைக்காமல் தள்ளும். இன்று எனக்கு ஒன்றுதான் என்றால் ஈமெக்கை எடுப்பேன்.

படி 3: காற்று (நான் சறுக்கிய இடம்)

மார்க்கரைத் தள்ளுவது இரண்டில் ஒன்று: கார்பன் டை ஆக்ஸைடு, அல்லது எச்பிஏ எனப்படும் அழுத்தக் காற்று. இரண்டு டேங்கும் ஒரே மரையில் மாட்டும். மாட்டுகிறதே என்று நான் கார்பன் டை ஆக்ஸைடு டேங்கை எலெக்ட்ரானிக் மார்க்கரில் மாட்டினேன். கசிவுக்குக் காரணம் அதுதான்.

கார்பன் டை ஆக்ஸைடு டேங்குக்குள் திரவமாக இருக்கும். அது ஆவியாகும்போதுதான் அழுத்தம் கிடைக்கிறது. சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). வெயிலில் வைத்தால் ஏறும், குளிரில் இறங்கும். தொடர்ந்து சுட்டால் டேங்கே சில்லிட்டுப்போய் அழுத்தம் விழும், பந்தும் பாதி வழியில் தரை தட்டும். இன்னும் மோசம், டேங்கைச் சாய்த்துப் பிடித்தால் ஆவியாகாத திரவமே மார்க்கருக்குள் புகும். அந்தக் குளிரில் ஓ-ரிங்குகள் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) விறைத்துச் சுருங்கும், கசியத் தொடங்கும், எலெக்ட்ரானிக் மார்க்கரின் சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) கெடும்.

எச்பிஏ அப்படியில்லை. முழுக்க வாயுதான். 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ-யில் நிரப்பினாலும், டேங்கின் தலையில் உள்ள ரெகுலேட்டர் அதைச் சுமார் 800-க்குக் குறைத்து ஒரே சீராகத் தரும். முதல் பந்தும் நூறாவது பந்தும் ஒரே வேகத்தில் போகும். அதனால் மார்க்கர் எதுவானாலும் எச்பிஏ டேங்க்தான் வாங்குங்கள். ஈமெக்குக்கு எச்பிஏ தவிர வேறெதுவும் கூடாது. பழைய ப்ளோபேக் கார்பன் டை ஆக்ஸைடைத் தாங்கும், ஆனாலும் எச்பிஏ-யில் அதன் ஆயுள் கூடும்.

தொடங்குபவருக்கு 48/3000 (48 கன அங்குலக் கொள்ளளவு, 3000 பிஎஸ்ஐ) அலுமினிய டேங்க் போதும். அதில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான டேங்குகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை வேண்டும். தேதி தாண்டியதை நல்ல ஃபீல்டில் (ஆடும் மைதானத்தில்) நிரப்பித் தர மாட்டார்கள்.

படி 4: பழையது வாங்கினால்

மாஸ்க் போட்டுக்கொண்டு, பந்து இல்லாமல் காற்றை மட்டும் ஏற்றிக் காது கொடுங்கள். டேங்க் சேரும் இடத்தில் சத்தம் வந்தால் அது டேங்க் ஓ-ரிங். 015 அளவு, ஒரு நிமிட வேலை. பேரல் வழியாக வந்தால் உள்ளே போல்ட் (பந்தைப் பேரலுக்குள் தள்ளும் உருளை) அல்லது வால்வு சீல். விற்பவரையே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.

படி 5: பேரல், ஹாப்பர்

நீளமான பேரல் தூரம் கூட்டாது. 12 முதல் 14 அங்குலம் போதும். மரை மட்டும் பொருந்த வேண்டும், டிப்மன் 98 மரையில் ஆட்டோகாக்கர் (இன்னொரு மார்க்கர்) மரைப் பேரல் ஏறாது. பேரலைக் கழற்றி ஒரு பந்தை உள்ளே விட்டு ஊதிப் பாருங்கள். ஊதினால் வெளியே வர வேண்டும், சாய்த்தாலே உருண்டு வந்தால் பேரல் தளர்வு. ஹாப்பர் (மார்க்கரின் மேல் பந்துகளைக் கொட்டி வைக்கும் டப்பா), சுமார் 200 பந்து பிடிக்கும் சாதாரணமானது போதும்.

படி 6: எண்ணெயா, கிரீஸா

ப்ளோபேக்குக்குக் காற்று நுழையும் வாயில் சில சொட்டு மார்க்கர் எண்ணெய். ஸ்பூல் வால்வுக்குக் கிரீஸ் மட்டுமே. வீட்டில் இருக்கும் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், ஓ-ரிங் ஊதிப்போகும்.

ஆடும் முன் க்ரோனோகிராஃபில் (பந்தின் வேகத்தை அளக்கும் கருவியில்) வேகம் பாருங்கள். பொது உச்சவரம்பு விநாடிக்கு 300 அடி. பல ஃபீல்டுகளில் 280. வேகத்தை மாற்றும் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பது மார்க்கருக்கு மார்க்கர் மாறும். கையேட்டைப் பார்த்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி அளந்து பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் பேரலுக்கு உறை.

பின்சேர்க்கை: புது டிப்மன் வாங்கிய இருவர், டேங்க் மாட்டியதுமே பேரல் வழியாகக் காற்று போகிறது, பழுதா என்று கேட்டார்கள். பழுதில்லை. ப்ளோபேக்கில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பிறகுதான் டேங்க்கை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வால்வைத் தட்டும் சுத்தியல் அதை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். டேங்கைக் கழற்றி, போல்ட்டை இழுத்து நிறுத்தி, மறுபடி மாட்டினார்கள். சத்தம் நின்றுவிட்டது.

இன்னொருவர் டேங்கைக் கழற்றும்போது டேங்க் சுற்றியதாம், வால்வு மட்டும் மார்க்கரிலேயே நின்றதாம். இது மிகவும் ஆபத்து, வால்வு முழுதாகக் கழன்றால் டேங்க் ஏவுகணைபோலப் பறக்கும். அப்படித் தெரிந்தால் உடனே நிறுத்தி, ஃபீல்டில் டேங்க் தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்றே டேங்க் கழுத்திலும் வால்விலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கழற்றும்போதெல்லாம் அந்தக் கோடு ஒரே நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.