ரத்தம் கேட்டுக் குழுவில் எழுதுபவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் ரத்தக் கொடையாளர்களுக்கென வாட்ஸ்அப் குழுக்கள் இயங்குகின்றன. அவற்றில் இருப்பவர்கள் யாரும் இதற்காகச் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். செய்தி வந்து சேரும் நேரத்தில் ஒருவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடித்து அப்போதுதான் படுத்திருப்பார். இன்னொருவர் மாந்தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருப்பார். மற்றொருவர் லாரியுடன் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே, செய்தியை ஒருமுறை படித்ததுமே தம்மால் போக முடியுமா முடியாதா என்று அவர்கள் முடிவு செய்துவிடும்படி எழுதுவதே கேட்பவர் காட்ட வேண்டிய முதல் மரியாதை.

பெரும்பாலான செய்திகள் அப்படி வருவதில்லை. 'அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. ஒரு உயிரைக் காப்பாற்றுங்கள். அதிகம் பகிரவும்' என்று மட்டும் இருக்கும். எந்த மருத்துவமனை, எத்தனை யூனிட், எத்தனை மணிக்குள், யாரை அழைப்பது என்ற நான்கில் ஒன்றுகூட அதில் இராது. அந்த வகை ரத்தம் உள்ளவர் விவரம் தேடி அலைந்துகொண்டிருக்கும்போதே, அந்த வகை இல்லாத இருபது பேர் அதை நல்லெண்ணத்தோடு அடுத்தடுத்த குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எழுதுவதற்கு முன் வார்டில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தக் கோரிக்கைப் படிவத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்டிருப்பது முழு ரத்தமா, சிவப்பணுவா, பிளேட்லெட்டா என்று பாருங்கள். புரியாவிட்டால் செவிலியரிடம் கேளுங்கள். சிவப்பணுவை வாரக்கணக்கில் குளிரூட்டி வைக்கலாம், ஆனால் பிளேட்லெட்டுக்கு 5 நாள்தான் ஆயுள் என்பதால், டெங்கு நோயாளிக்காகக் கேட்பதும் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்காகக் கேட்பதும் ஒன்றல்ல. அடுத்து, ரத்த வங்கியில் இருப்பு உண்டா என்று நேரில் விசாரியுங்கள். இருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, ஈடாக ஒருவரை அனுப்பச் சொல்வதும் உண்டு. அப்படியானால் அதை அப்படியே எழுதுங்கள். ஈட்டுக்குக் கேட்பதை உயிர்போகும் அவசரம்போல எழுதினால், அடுத்த முறை உண்மையிலேயே அவசரம் வரும்போது குழு மெதுவாகத்தான் அசையும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கொடையாளர் கையிலிருந்து எடுத்த ரத்தம் நேராக நோயாளிக்கு ஏறுவதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்ப்பதும் முடிய வேண்டும். எனவே, நாளைக் காலை அறுவை சிகிச்சை என்று முந்தைய நாளே தெரிந்திருந்தும் இரவு பதினோரு மணிவரை உறவினர்களை எதிர்பார்த்திருந்துவிட்டுக் குழுவுக்கு வருவது, தொண்டு செய்பவரின் தூக்கத்தைக் கெடுப்பதோடு நோயாளிக்கும் உதவாது.

கீழே உள்ளதுபோல எழுதினால் போதும்:

'பி நெகட்டிவ், சிவப்பணு, 2 யூனிட். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கி. பிரசவ அறுவை சிகிச்சை 12ஆம் தேதி காலை 9 மணிக்கு. கொடையாளர் 11ஆம் தேதி மாலை 4 மணிக்குள் வந்தால் நல்லது. ரத்த வங்கியில் கேட்டுவிட்டோம், இந்த வகை இருப்பில் இல்லை. அழைக்க: நோயாளியின் தம்பி' என்று முடித்து, அவருடைய பெயரையும் எண்ணையும் சேர்க்கவும்.

இதில் 'இன்று', 'நாளை' என்ற சொற்களே இல்லாததைக் கவனியுங்கள். கைமாறிச் செல்லும் செய்தியில் அவற்றுக்குப் பொருள் கிடையாது. தேதி மட்டுமே நிற்கும். மாதத்தையும் ஆண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. எண் கொடுத்தவர் போனைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், சார்ஜும் இருக்க வேண்டும். நோயாளியின் படமோ மருத்துவ அறிக்கையோ தேவையில்லை.

யாராவது முன்வந்தால், 'அண்ணா, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும்தான் முழு ரத்தம் கொடுக்கலாம். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நம் பகுதியில் பலர் அறியாத விதிகள் இரண்டு உண்டு: இரவு ஷிப்டு முடித்துச் சரியாகத் தூங்காதவர் கொடுக்கக் கூடாது, தொலைதூர வண்டி ஓட்டுபவர் கொடுத்த பிறகு 24 மணி நேரமாவது வண்டி எடுக்கக் கூடாது. ஒருவர் 'இன்று முடியாது தம்பி' என்றால், காரணம் கேட்காமல் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அவருக்கு உடம்பில் என்ன என்பதைப் பொதுக்குழுவில் சொல்ல வைப்பது பண்பல்ல.

ரத்தத்துக்குப் பணம் கொடுப்பது கூடவே கூடாது. பணத்துக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ வருபவருக்குத் திரும்பிப் போகப் பேருந்து இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் வண்டி ஏற்பாடு செய்வதும் கேட்டவரின் கடமை. வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ரத்த வங்கி வாசலில் உங்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும். ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பப்பட்டவரும் அதே தூரம் வந்தவர்தான். அவரையும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

தேவை முடிந்ததும் எழுத வேண்டிய செய்தியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை நான் பாலக்கோட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, 'காலையிலேயே கிடைத்துவிட்டதுங்க' என்றார் நோயாளியின் உறவினர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு இரவு தூங்காத முகம் அது. ஆனால் அதே செய்தி எட்டு மாதம் கழித்து வேறொரு குழுவில் மறுபடி வந்தபோது கோபம் வந்தது. அதனால் எந்தெந்தக் குழுக்களில் கேட்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கிடைத்தவுடன் ஒவ்வொன்றிலும் பழைய செய்தியை நீக்கிவிட்டு, நீக்க முடியாவிட்டால் அதற்கே பதிலாக, 'தேவை முடிந்தது, இனி யாரும் வர வேண்டாம்' என்று எழுதுங்கள். வழியில் வந்துகொண்டிருப்பவரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். கொடுத்தவர் யார், எந்தத் தேதியில் கொடுத்தார் என்பதை, அவர் சம்மதித்தால், அட்மினுக்குத் தெரிவியுங்கள். அடுத்த தொண்ணூறு நாளுக்கு, பெண்ணாக இருந்தால் நூற்றிருபது நாளுக்கு, அவரை யாரும் அழைக்காமல் பார்த்துக்கொள்ள அட்மினுக்கு அந்தத் தேதி வேண்டும்.