சிறிய விமானத்தில் ஜிபிஎஸ் பூட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

இரத்மலானையில் புதிய விமானிப் பயிற்சி அணி சேரும்போதெல்லாம் இதே கதைதான். தனியே பறக்கும் முதல் சோலோ முடிந்த கையோடு ஒரு ஐபேட் மினியோ, விமானத்துக்கான கார்மின் ஏரா ஜிபிஎஸ்ஸோ வந்துவிடும். அதைச் செஸ்னா பயிற்சி விமானத்துக்குள் பூட்டுவதில் முந்தைய அணி விட்ட பிழைகளும் கூடவே வந்துவிடும். சார்ஜ் போடாமல் வருவது, திருகை இறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறோம். அவை ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்தும்.

வானிலை வரும் என்று நம்பி வாங்குவது

பறந்துகொண்டிருக்கும்போதே திரையில் மழை ரேடார் படம் மாறிக்கொண்டிருப்பதை யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கா. அந்தத் தரவை 978 மெகாஹேர்ட்ஸில் அனுப்புபவை அங்குள்ள தரை நிலையங்கள். சிரியஸ் எக்ஸ்எம் செய்மதி வானிலையும் வட அமெரிக்காவுக்குத்தான். அந்தத் தரவை வாங்கும் ரிசீவர் இங்கே 1090 மெகாஹேர்ட்ஸில் மற்ற விமானங்கள் சிலவற்றைக் காட்டலாம், மழையைக் காட்டாது. இங்கே திரையில் இருப்பது புறப்படுமுன் வைஃபையில் இறக்கிய மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை), டாஃப் (முன்னறிவிப்பு), செய்மதிப் படம், அவ்வளவுதான். காலை 9 மணிப் படத்தை நம்பி ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் இரத்தினபுரிப் பக்கம் போனால், படத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தில் இடிமுகில் எழுந்து நிற்கும். நேரடித் தரவு வரும் அமெரிக்காவிலேயே, திரை காட்டும் நேரத்தைவிட ரேடார் படம் 15 முதல் 20 நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் எச்சரித்தது.

இன்னொன்று: வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் சிப் கிடையாது. பம்பலப்பிட்டியில் விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கினால், தனியாக ஒரு ஜிபிஎஸ் ரிசீவருக்கும் செலவழிக்க வேண்டும். செலியுலர் மொடல் வாங்குங்கள். இணைப்பு எடுக்காவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

யோக்கில் பூட்டிவிட்டு அரைகுறையாகச் சோதிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை.

செஸ்னா 152இலும் 172இலும் கை முதலில் போவது, விமானத்தைச் சரிக்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பிடிக்கும் யோக்குக்குத்தான். பார்வைக்கு நேரே இருக்கும், எட்டித் தொடலாம். ஆனால் கிளாம்ப் பிடிக்கும் அந்தத் தண்டு சும்மா நிற்கும் குழாய் அல்ல. பேனலுக்குள் போகும், வெளியே வரும், சுழலும். அதில் எதைக் கட்டினாலும் அதுவும் கூடவே போகும்.

கிளாம்பைப் பேனலுக்கு நெருக்கமாகப் பூட்டினால் யோக்கை முழுதாக முன்னே தள்ள முடியாது. ஸ்டோலில் (இறகு தூக்குவிசையை இழக்கும் நிலையில்) இருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் கிளாம்ப் பேனலில் முட்டும். விமானிப் பக்கம் இழுத்துப் பூட்டினால், பின்னே இழுக்கும்போது கருவியின் கீழ்விளிம்பு வயிற்றிலோ தொடையில் கட்டும் நீபோர்டிலோ இடிக்கும். அகலமான கருவியென்றால் சுழற்றும்போது மூலை தொடையில் நிற்கும். சார்ஜர் கேபிள் த்ரொட்டில் குமிழை (வெளியே இழுத்தால் எஞ்சின் சக்தி குறையும்) சுற்றிக் கிடந்தால், ஓடுபாதையில் மூக்கைத் தூக்க யோக்கை இழுக்கும் அதே கணத்தில் த்ரொட்டிலும் வெளியே வரப் பார்க்கும். முழுச் சக்தி வேண்டிய நேரம் அது.

பயிலுநர்கள் சோதிக்காமல் இல்லை. சோதிக்கும் விதம்தான் எரிச்சலூட்டுகிறது. ஆசனம் பின்னே தள்ளியிருக்கும், ஆசனப் பட்டி போட்டிருக்க மாட்டார்கள், கேபிள் பைக்குள் இருக்கும், நீபோர்ட் பின் ஆசனத்தில் கிடக்கும். அந்த நிலையில் யோக்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு "எல்லாம் சரி" என்பார்கள். பிறகு ஆசனத்தை இரண்டு பல் முன்னே நகர்த்தி, பட்டியை இறுக்கி, நீபோர்டைக் கட்டி, கேபிளைச் செருகிப் பறப்பார்கள். சோதித்த கொக்பிட் வேறு, பறக்கும் கொக்பிட் வேறு.

இரத்மலானை ஓடுபாதை 04/22, அதாவது 40, 220 பாகைத் திசைகளில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் காற்று மேற்கிலிருந்து, 270 பாகையில், 15 நொட் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22இல் இறங்கும்போது குறுக்குக் காற்று ஏறக்குறைய 11 நொட். சோதனைப் பறப்பில் இறங்கிக் காட்டிய அளவு என்று 152இன் கைநூல் சொல்வதே 12 நொட்தான். சக்கரம் தரையைத் தொட்டபின் வேகம் குறையக் குறைய யோக்கைச் சுழற்றி எய்லரனை (இறகின் பின்விளிம்பில் அசையும் பகுதியை) வலப்பக்கம் கூட்டிக்கொண்டே போய் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி ஒரு நாள் இறங்கிய பயிலுநர் ஒருவர், "எய்லரன் போதவில்லை சேர்" என்று முறையிட்டார். எய்லரன் போதுமான அளவு இருந்தது. அவருடைய வலது தொடையில் ஐபேட்டின் மூலை முட்டிக்கொண்டிருந்தது. அதையே அவர் கடைசி எல்லை என்று நினைத்துவிட்டார்.

சரியான முறை இது. எஞ்சின் நிற்கட்டும். முதலில் கருவி இல்லாமல் யோக்கை முழுதாக இழுத்து, பேனலில் இருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்று சாணால் அளந்துகொள்ளுங்கள். முழுதாகத் தள்ளியும் பாருங்கள். பிறகு கருவியைப் பூட்டி, பறக்கும்போது இருப்பதுபோலவே அமருங்கள்: ஆசனம் பூட்டிய நிலையில், பட்டி இறுக்கி, ஹெட்செட், நீபோர்ட், கேபிள் எல்லாவற்றோடும். பக்கத்து ஆசனத்திலும் ஆள் இருக்கட்டும். முழுதாகப் பின்னே, அங்கிருந்து முழு இடம், முழு வலம். முழுதாக முன்னே, மறுபடி இடம், வலம். ஒவ்வொரு மூலையிலும் கருவிக்கும் உடம்புக்கும் பேனலுக்கும் இடையில் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும். எல்லையில் முட்டும் உணர்வையும் கவனியுங்கள். உலோகத் தடுப்பில் முட்டினால் கையில் "டக்" என்று திடமாகத் தெரியும். தொடையிலோ துணியிலோ முட்டினால் மெத்தென்று நிற்கும். மெத்தென்று நின்றால் சோதனை தோல்விதான்.

நிற்கும்போது யோக்கை அசையாமல் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பூட்டு செருகும் துளையைக் கிளாம்ப் மறைக்கக் கூடாது. 11 அங்குல ஐபேட்டை 152இன் யோக்கில் பூட்டவே வேண்டாம். இடப்புறம் கீழே இருக்கும் மாஸ்டர் சுவிட்சும் சாவியும் அதன் பின்னால் மறைந்துவிடும். இடைவெளி போதாவிட்டால் கருவி தொடைக்கு, நீபோர்டுக்குப் போகட்டும்.

புறக்கோட்டைக் கார் சார்ஜர்

152இலும் 1978 மொடல் முதல் வந்த 172களிலும் மின்னமைப்பு 28 வோல்ட். காருக்கென்று செய்த 12 வோல்ட் மலிவுச் சார்ஜர் அதில் சூடேறும், நாறும், சில வேளை ஐபேட்டையும் கூட்டிக்கொண்டு போகும். 10 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

தப்பிப் பிழைக்கும் சார்ஜரும் இரைச்சல் போடலாம். வானொலி வேலை செய்யும் 118–137 மெகாஹேர்ட்ஸிலேயே அந்த இரைச்சல் விழும். தரையில் நிற்கும்போது டவர் அலைவரிசைக்கு வைத்து, ஸ்குவெல்ச்சை (இரைச்சல் தடுப்பை) திறந்து, சார்ஜரைச் செருகியும் கழற்றியும் கேளுங்கள். சத்தம் மாறினால் அந்தச் சார்ஜர் காருக்கே போகட்டும்.

வெயில்

ஐபேட்டுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ். கதவு மூடி, விமானங்கள் நிறுத்தும் ஏப்ரனில் நிற்கும் விமானத்துக்குள் நண்பகலில் அது எப்போதோ தாண்டிவிடும். பேனலின் மேற்தட்டான கிளேர்ஷீல்ட் மேல் வைத்தால் பறக்கும்போதும் வெயில் நேரே விழும். திரை அணைந்து வெப்பமானி அடையாளம் தெரிந்தால் ஆறும் வரை வரைபடம் இல்லை. தடித்த உறையைக் கழற்றுங்கள். காற்றுத் துவாரத்தைக் கருவியின் பின்பக்கம் திருப்பி விடுங்கள். நிறுத்திவிட்டு இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கருவியை ஜன்னலில் ஒட்டும் சக்ஷன் கப்பும் வெயிலில்தான் கைவிடும். விமானத்தின் ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஒட்டுமுன் துடைக்கத் தண்ணீரும் மென்மையான பருத்தித் துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி திரவமும் அல்கஹோலும் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும். ஒட்டும் இடம் பக்க ஜன்னலின் கீழ்மூலை. விழுந்தால் பெடல் பக்கம் போகாதபடி ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்த மவுண்ட்

ஐபேட் மூடியிலும் காந்தம் உண்டு. திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே கருவியைக் கிட்டக் கொண்டுவாருங்கள். திசைகாட்டி அசைந்தால் அந்த இடம் வேண்டாம்.

பேனலில் துளை போடுவது

கூடாது. துளை போட்டால் அது விமானத்தில் செய்த மாற்றம். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

காகித வரைபடத்தை வீட்டில் விடுவது

பையில் இருக்கட்டும்.

பழைய டேட்டாபேஸ்

ஜிபிஎஸ் காட்டும் வரைபட, விமான நிலையத் தரவு 28 நாளுக்கு ஒரு தடவை மாறும். முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள். ஹேங்கரில் நின்று போன் ஹொட்ஸ்பொட்டில் இறக்கத் தொடங்கினால் பாதியில் நிற்கும்.