தேறுமா, தேறாதா? பழைய லேப்டாப்பைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி

லேப்டாப்பை மேஜைமேல் வைத்த கையோடு பெரும்பாலோர் கேட்பது இதைத்தான்: "தம்பி, இது தேறுமா?" திருச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வாங்கி எத்தனை வருஷமாச்சு என்று நான் கேட்பது அப்புறம்தான். மெதுவாகிவிட்டதா, இல்லை ஏதாவது உடைந்துவிட்டதா? அதுதான் முதலில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் கணக்கு வேறு.

மெதுவாக ஓடுகிறது என்பதற்காக லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். வேறு எதையும் திறக்காமலே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? பக்கத்தில் எச்டிடி என்று போட்டிருக்கிறதா? அப்படியானால் ஆள் அகப்பட்டுவிட்டான். 2015 முதல் 2019 வரை விற்ற நடுத்தர விலை மாடல்கள் பலவற்றில் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்ந்து அதைப் போட்டு உருட்டும்போது எந்த புராசஸர் இருந்தும் பயனில்லை. அதை எடுத்துவிட்டு சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் போட்டால், திறந்து காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தும் ஆன் ஆகாத மிஷின் அரை நிமிஷத்தில் வந்து நிற்கும்.

அதே திரையில் மெமரியையும், அதாவது ரேமையும், பாருங்கள். குரோம் மட்டும் திறந்திருக்கும்போதே 90 சதவீதத்தைத் தாண்டினால் இருக்கிற ரேம் (பெரும்பாலும் 4 ஜிபிதான் இருக்கும்) போதவில்லை என்று அர்த்தம். கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. மெல்லிசான மாடல்கள் சிலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். உங்கள் மிஷினில் இருப்பது டிடிஆர்4 வகை ரேம் என்றால், அது செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ரேம் சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான் இல்லை.

ஆனால் இந்தச் செலவைச் செய்வதற்கு முன் புராசஸர் நம்பரைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் எட்டு. ஐ5-1035ஜி1 என்று பார்த்துவிட்டு ஏதோ ஆதிகாலத்து ஒன்றாம் தலைமுறை என்று நினைத்துவிடாதீர்கள், அது பத்து. 1135 என்றால் பதினொன்று. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் நம்பரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் சொல்லிவிடும்.

எட்டுக்குக் கீழே இருந்தாலும் குப்பை இல்லை. பிரவுசர், யூடியூப், டைப்பிங் அவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். தமிழ் டைப்பிங்கும் அதில் வரும். டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்வதில்லை. டேலிக்கு விண்டோஸ்தான் வேண்டும்.

இனி உடைந்த கதை. தேய்கிற பாகம் தேய்ந்திருந்தால் மாற்றலாம், போர்டு போயிருந்தால் யோசிக்க வேண்டும். பேட்டரி, கீபோர்டு, ஃபேன், டிஸ்க், ஹின்ஜ் (மூடியைத் திறந்து மூட உதவும் கீல்), சார்ஜிங் ஜாக் எல்லாம் முதல் வகை.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடியுங்கள். ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கோப்பு உருவாகி, அது இருக்கும் இடத்தையும் காட்டும். அதில் டிசைன் கெப்பாசிட்டி 41,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 17,000 என்றும் இருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிப்பக்கம் மேஜையில் சமமாக உட்காரவில்லை என்றாலோ ரிப்போர்ட்டே வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே ஆஃப் செய்து, சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்து வாருங்கள். உப்பின பேட்டரியோடு "இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்குது தம்பி" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் பெஞ்சுக்கு அதிகம் வருவது ஹின்ஜ்தான். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஹின்ஜ் என்பது இரும்பு. அதைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த குட்டிப் பித்தளை நட்டுகள். நாள்பட நாள்பட ஹின்ஜ் இறுகிப்போகும். மூடியை ஒரு மூலையைப் பிடித்து இழுத்துத் திறக்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டால் நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். திரையைச் சுற்றியுள்ள சட்டம் மூலையில் வாய் பிளப்பதுதான் முதல் அறிகுறி. அப்போதே கொண்டு வந்தால் ஹின்ஜைத் தளர்த்தி, நட்டை அரால்டைட் பசையில் பதித்து, ஒரு ராத்திரி காயவிட்டுக் கொடுத்துவிடலாம். "பரவாயில்லை" என்று திறந்து மூடிக்கொண்டே இருந்தால் அந்த வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளும் அறுந்து, திரையிலும் விரிசல் விழுந்து செலவு நாலு மடங்காகும். எந்தக் கடையில் கொடுத்தாலும் ஒன்று கேளுங்கள்: "ஹின்ஜை லூஸ் பண்ணினீங்களா?" பண்ணாமல் ஒட்ட மட்டும் செய்திருந்தால் சீக்கிரமே மறுபடி பிய்ந்துகொண்டு வரும்.

திரை இருட்டாக இருந்தால் பயப்படுவதற்கு முன் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் பெரும்பாலும் பேனலோ கேபிளோதான் போயிருக்கும். அங்கேயும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்ப்போம். அதற்கும் மசியவில்லை என்றால் சந்தேகம் போர்டு பக்கம் திரும்பும்.

போர்டு வேலை எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். சார்ஜிங் பகுதியில் மாஸ்ஃபெட் என்ற குட்டிப் பாகம் ஷார்ட் ஆகியிருந்தாலோ, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடி மிஷினை எழுப்பும் மென்பொருள்) கெட்டிருந்தாலோ, போர்டில் உள்ள சிப் வரை வேலை தெரிந்தவர் சரிசெய்துவிடுவார், அது நிற்கவும் நிற்கும். கிராஃபிக்ஸ் சிப்பில் கோளாறு என்று சொல்லி "ஹீட் பண்ணித் தர்றேன்" என்றால் காசு கொடுக்காதீர்கள். சூட்டில் சில வாரம் உயிர் வந்து மறுபடி போய்விடும். தண்ணீரோ டீயோ கொட்டிய போர்டும் இப்படித்தான். சுத்தம் செய்து ஓடவைத்தாலும் சிப்களின் அடியில் தங்கிய ஈரம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி மிஷினை ஓடவைத்துக் கொடுக்கும்போது, முதலில் ஃபைல்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

இப்போது காசுக் கணக்கு. ரிப்பேர் செலவைப் புது லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். புதுசு 45,000, ரிப்பேர் 7,000, லாபம்தானே என்று தோன்றும். ஒப்பிட வேண்டியது அதே தலைமுறை, அதே தரத்து பழைய லேப்டாப் இன்று செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு. செலவு அதில் பாதிக்குள் இருந்தால் சரிசெய்யுங்கள். தாண்டினால் நிறுத்துங்கள்.

துறையூர்ப் பக்கமிருந்து ஒரு டீச்சர் எட்டாம் தலைமுறை ஐ5 கொண்டுவந்தார். ஹின்ஜ் வேலை, பேட்டரி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து சுமார் 7,000. அதே மாதிரி மிஷின் ரீஃபர்பிஷ்டில் 16,000-க்குக் குறையாது. செய்யச் சொன்னேன். அதே வாரம் ஒரு கல்லூரிப் பையன் நாலாம் தலைமுறை ஐ3-யோடு வந்தான். திரை உடைந்து, பேட்டரியும் காலி, செலவு சுமார் 6,500. அந்த மிஷின் முழுசாக ஓடினாலே 8,000-க்குத்தான் போகும். "அண்ணா, அப்பா வாங்கித் தந்தது" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன், பக்கத்தில் செகண்ட் ஹேண்ட் விலையையும் எழுதினேன்.

ரிப்பேருக்குக் கொடுத்தால் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். பார்ட் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் சந்தையிலிருந்து பார்சலில் வர வேண்டியிருந்தால் இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் அவசரப்படுத்தினால் கையில் கிடைத்த மட்டமான பேட்டரிதான் உள்ளே போகும்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், 25,000-க்குள் பட்ஜெட் உள்ளவர்களுக்கு நான் புதுசைச் சொல்வதில்லை. அந்த விலையில் வரும் புதுசுகளில் பெரும்பாலும் புராசஸர் சோதா, ரேமும் பற்றவைத்தது. கம்பெனிகளில் ஓடிக் கழிந்த திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற பிசினஸ் லேப்டாப்கள் அதைவிட மேல். எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளைத் திரையைத் திறந்து புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு கீயையும் தட்டுங்கள், மேலே சொன்ன பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுங்கள். வாரண்டி வாய்ச்சொல்லாக இல்லாமல் பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேசிங் கிடைக்கும், போட்ட டிஸ்க் எக்ஸ்டெர்னலாக ஓடும். கல்யாண ஃபோட்டோ, ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றோடும் அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். உப்பின பேட்டரியை மட்டும் குப்பை வண்டியில் போடாதீர்கள், குத்தியும் பார்க்காதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் தனியாகக் கொடுங்கள், இல்லை எங்களைப் போன்ற கடையில் கொடுத்தால் மற்றதோடு சேர்த்து அனுப்பிவிடுவோம்.