கம்பெனிப் பதிவைக் காப்பாற்றும் ஒரு வேலை

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் குடும்பக் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலர், வரியைக் கட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். போதாது. தென்னாப்பிரிக்காவின் கம்பெனிப் பதிவு ஆணையமான சி.ஐ.பி.சி., 2024 ஜூலை 1 முதல் உண்மை உரிமையாளர் (அதாவது கம்பெனியை உண்மையில் சொந்தமாக வைத்திருப்பவர் அல்லது கட்டுப்படுத்துபவர்) விவரத்தைத் தராதவர்களின் ஆண்டு அறிக்கையை ஏற்பதில்லை. அறிக்கை தொடர்ந்து நின்றால் பதிவே ரத்தாகலாம். அதன்பின் வங்கிக் கணக்கை இயக்குவதும் சிக்கல்தான்.

5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு அல்லது கட்டுப்பாடு உள்ள ஒவ்வொருவரையும் காட்ட வேண்டும். குழப்பம் வருவது இங்கேதான். பங்கு பெரியப்பா பெயரில் இருக்கும், முடிவெடுப்பவர் தம்பி மகனாக இருப்பார். அப்படியானால் அவர் பெயரும் வேண்டும். எனவே முதலில் பங்குப் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள். இறந்தவர்கள் பெயரில் இன்னும் பங்கு கிடக்கும் கம்பெனிகள் நம்மிடையே கொஞ்சமல்ல! பிறகு அடையாள அட்டை நகல்களைச் சேர்த்து இணையத்தில் பதியலாம்.

உரிமை கைமாறினால் 10 வேலை நாட்களுக்குள் திருத்த வேண்டும். கணக்காளரிடம் ஒப்படைத்திருந்தாலும், பதிவு முடிந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.