மின்சாரம் போனாலும் மடல் கையில் இருக்க: பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தண்டர்பேர்டில் அமைத்தல்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரமும் இணையமும் ஒன்றாகவே போய்விடுவது டெல்டா மாவட்டங்களில் புதிதல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த பிறகு பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் மடிக்கணினியின் பேட்டரியில் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தாலும், நெறியாளர் திருத்தி அனுப்பிய இயல் உலாவிக்குள் மட்டும் இருக்குமானால் அது இல்லாததற்குச் சமம். தஞ்சையிலோ திருவாரூரிலோ சிதம்பரத்திலோ பயிலும் ஆய்வு மாணவர் தம் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கணினியிலேயே ஒரு படி வைத்துக்கொள்வதற்கு நான் சொல்லும் முதற்காரணம் இதுதான்.

இதற்கு மோசில்லாவின் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. நிறுவுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகவரியின் பின்பகுதியில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், அஞ்சல் உண்மையில் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இருக்கக்கூடும். உலாவியில் அஞ்சலைத் திறக்கும்போது வரும் நுழைவுப் பக்கம் யாருடையது என்று பார்த்தாலே விளங்கிவிடும். இரண்டும் இல்லையென்றால், அஞ்சலைப் பெறும், அனுப்பும் சேவையகங்களின் (சர்வர்) பெயர்களைக் கணினி மையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பெயரையும் முகவரியையும் கொடுத்தவுடன் தண்டர்பேர்டு பெரும்பாலும் தானாகவே அமைப்புகளைக் கண்டுபிடித்துவிடும். மடலைப் பெறும் முறைகளான ஐமேப், பாப் என்ற இரண்டில் எது என்று கேட்டால், சேவையகத்திலும் மடலை வைத்துக்கொண்டு கணினியிலும் ஒரு படி தரும் ஐமேப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாப் என்பது களத்து நெல்லை அள்ளி வீட்டுப் பத்தாயத்தில் கொட்டுவது போன்றது. அமைப்பைப் பொறுத்து, இறக்கிய மடல்களைச் சேவையகத்திலிருந்து நீக்கியும் விடும். கைப்பேசியிலும் அதே அஞ்சலைப் பார்ப்பவருக்கு அது ஒத்துவராது. தானியங்கித் தேடல் தோற்றால் கையால் நிரப்பலாம். கூகுள் என்றால் பெறுவதற்கு ஐமேப்.ஜிமெயில்.காம், அனுப்புவதற்கு எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், மைக்ரோசாஃப்ட் என்றால் பெறுவதற்கு அவுட்லுக்.ஆபிஸ்365.காம், அனுப்புவதற்கு எஸ்எம்டிபி.ஆபிஸ்365.காம். இவற்றை ஆங்கில எழுத்தில்தான் உள்ளிட வேண்டும். பெறும் போர்ட் எண் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல். அனுப்பும் போர்ட் எண் 587, பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ்.

பலர் இடறி விழுவது அடுத்த இடத்தில்தான். கடவுச்சொல்லைச் சரியாகவே தட்டியிருப்பார்கள். கடவுச்சொல் தவறு என்றே திரும்பத் திரும்பச் செய்தி வரும். தவறு கடவுச்சொல்லில் இல்லை, நுழையும் முறையில் இருக்கிறது. வெறும் கடவுச்சொல்லை அனுப்பி ஐமேப் வழியாக நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. கூகுளும் அதே வழிக்கு வந்துவிட்டது. ஆகவே அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில், பெறும் சேவையகத்துக்கும் அனுப்பும் சேவையகத்துக்கும் தனித்தனியாக, நுழைவு முறையை ஓஆத் 2 (கடவுச்சொல்லை நுழைவுப் பக்கத்திலேயே கொடுத்து அனுமதி பெறும் முறை) என்று மாற்ற வேண்டும். பெறுவதை மாற்றி அனுப்புவதை மறந்துவிட்டால் மடல் வரும், ஆனால் போகாமல் நின்றுவிடலாம். மாற்றியபின் பல்கலைக்கழக நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறக்கும். அது வெறுமையாக நின்றுவிட்டால் தண்டர்பேர்டின் அமைப்புகளில் குக்கீகளை அனுமதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நிர்வாகியின் ஒப்புதல் தேவை என்று வந்தால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கணினி மையத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

இனி, இவ்வளவும் எதற்காகச் செய்கிறோமோ அந்த வேலை. சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் என்ற பகுதியில், மடல்களை இந்தக் கணினியில் வைத்திருக்கும் தேர்வு குறியிடப்பட்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய மடல்களை இறக்க வேண்டாம் என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. அதைக் குறியிட்டுவிட்டால் இணைப்புக் கோப்புள்ள மடல்கள்தாம் முதலில் விடுபடும். நமக்கு வேண்டியவையும் அவையே. கூகுள் கணக்கில் ஆல் மெயில் என்றொரு கோப்புறை எல்லா மடல்களையும் மறுபடி காட்டும். அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் சென்று அதன் குறியை எடுத்துவிட்டால் வட்டில் இடம் மிச்சமாகும். முதல் முறை முழுவதும் இறங்கும்போது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பினால் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். நூலகத்து வைஃபையில் உட்கார்ந்து செய்வதே சிக்கனம்.

இறங்கி முடிந்ததும் சாளரத்தின் இடது கீழ் மூலையிலுள்ள சின்னத்தை அழுத்தி ஆஃப்லைன் நிலைக்குப் போய், பழைய மடல் ஒன்றின் இணைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் வேலை முடிந்தது. அந்த நிலையில் எழுதும் பதில் அவுட்பாக்ஸில் காத்திருந்து, தொடர்பு வந்தபின் அனுப்பப்படும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. ஐமேப்பில் கணினியும் சேவையகமும் ஒன்றையொன்று பின்பற்றுவதால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும் வாய்ப்பும் இருக்கிறது. எனவே வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தவுடனேயே, வேண்டிய மடல்களை, கணினியில் மட்டுமே இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸ் பகுதிக்கு நகலெடுத்துவிடுங்கள். பிறகு உதவிப் பட்டியலின் டிரபிள்ஷூட்டிங் பக்கத்திலிருந்து, மடல்களும் அமைப்புகளும் அடங்கிய புரொஃபைல் கோப்புறையைத் திறந்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை முழுவதுமாக ஒரு வெளிவட்டில் படியெடுத்து வையுங்கள்.