சரிந்த ராஃப்டர் மேல் பர்லினை நேராக உட்கார வைக்கும் முறை

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் போடும் இரும்பு ஷெட்டுக்கு, டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற 3டி மென்பொருளில் மாடலிங் பிழை வந்தால் விலை அதிகம். ராஃப்டர் என்பது கூரையின் சரிந்த உத்திரம்; பர்லின் என்பது அதன் மேல் குறுக்கே படுத்து ஷீட்டைத் தாங்கும் கம்பி. கிளீட் (பர்லினை ராஃப்டரோடு பிணைக்கும் சிறு தகடு) ஓட்டை பொருந்தாமல் வேலை நடக்கும் இடத்தில் கேஸ் வைத்து வெட்டி மறுபடி வெல்டிங் செய்தால் கால்வனைசிங் எரிந்துபோகும். உப்புக்காற்றில் துரு அந்த இடத்தில்தான் முதலில் பிடிக்கும்.

பெரும்பாலும் பிழைக்குக் காரணம், சரிவுக் கோணத்தை ரொட்டேஷன் பெட்டியில் கையால் அடிப்பது. 10-க்கு 1 சரிவை (10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுவதை) 10 டிகிரி என்று அடித்துவிடுகிறார்கள். உண்மையில் அது 5.71 டிகிரி. டெக்லா ஸ்ட்ரக்சர்ஸில் கோணமே அடிக்க வேண்டாம். ஒர்க் பிளேனை, அதாவது வரைவதற்கான தளத்தை, சரிவின் மேல் படுக்க வைத்தால் போதும்.

12 மீட்டர் அகலம், நடுவில் முகடு, 10 டிகிரி சரிவு உள்ள ஷெட்டை எடுத்துக்கொள்வோம். முகடு 1058 மி.மீ. உயரும், ஒரு பக்கச் சரிவு நீளம் 6093 மி.மீ. ராஃப்டரின் ஆட் டெப்த் (வரைந்த கோட்டுக்கு மேலா, நடுவிலா, கீழா என்ற அமைப்பு) ‘பிஹைண்ட்’, அதாவது கோட்டுக்குக் கீழே, இருக்கட்டும். அப்போதுதான் வரைந்த கோடு மேல் ஃபிளாஞ்சில் (உத்திரத்தின் மேல் தட்டையான தகட்டில்) ஓடும். ‘மிடில்’ வைத்தால் 300 மி.மீ. உயர ஐ வடிவ உத்திரமான ஐஎஸ்எம்பி 300-க்குச் செங்குத்தாக 152 மி.மீ. வித்தியாசம் வந்து, பர்லின் ராஃப்டருக்குள் புதைந்துவிடும்.

இப்போது மூன்று புள்ளியில் ஒர்க் பிளேன் அமையுங்கள். முதல் புள்ளி ராஃப்டரின் இறவாண (கூரை தாழ்ந்து முடியும் ஓர) முனை, இரண்டாவது முகட்டு முனை, மூன்றாவது அடுத்த ராஃப்டரின் இறவாண முனை. இறவாணத்தில் நின்று முகட்டைப் பார்த்தால் அடுத்த ராஃப்டர் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கத்தைக் கிளிக் செய்தால் இசட் அச்சு தரையை நோக்கித் திரும்பி, பர்லின் ராஃப்டருக்கு அடியில் தொங்கும்.

இரண்டு ராஃப்டர்களின் இறவாண முனைகளைத் தொட்டு, ஆட் டெப்த் ‘ஃபிரண்ட்’ (கோட்டுக்கு மேலே), கோணம் 0 கொடுத்து முதல் பர்லினை வரையுங்கள். அதை எக்ஸ் திசையில், அதாவது முகட்டை நோக்கி, 150 மி.மீ. நகர்த்திவிட்டு, காப்பி ஸ்பெஷலில் 1150 மி.மீ. இடைவெளியில் ஐந்து நகல் எடுங்கள். முகட்டில் 193 மி.மீ. மிஞ்சும். இதே 1150-ஐத் தரைப்படத்தில் அளந்தால் சரிவில் 1168 ஆகிவிடும்; ஐந்து இடைவெளியில் 89 மி.மீ. விலகி, ஷீட் ஸ்க்ரூ பர்லினைத் தவறவிடும்.

அடுத்து பர்லினின் ஃபிளாஞ்ச் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேல் ஃபிளாஞ்ச் முகட்டை நோக்கி நீட்டியிருப்பதே நல்லது. ஷீட்டின் பாரத்தில் பர்லின் முறுக்குவது குறையும். சி வடிவ பர்லின் மாறி நின்றால் 180 டிகிரி திருப்பினால் சரியாகும். இசட் வடிவ பர்லின் அப்படியல்ல, எத்தனை முறை 180 டிகிரி திருப்பினாலும் அதே திசையில்தான் நிற்கும். தொடக்க முனையையும் இறுதி முனையையும் இடம் மாற்றி வரைந்தால்தான் புரளும். பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மறுபக்கச் சரிவுக்கு மிரர் வேண்டாம். ஷெட் இருபுறமும் ஒத்திருந்தால், முதலில் ஒர்க் பிளேனைப் பழைய எக்ஸ்ஒய் தளத்துக்கு மாற்றி, கட்டடத்தின் மையத்தில் செங்குத்து அச்சைச் சுற்றி 180 டிகிரி சுழற்றி நகலெடுங்கள். பிளேனை மாற்ற மறந்தால் சாய்ந்த அச்சில் சுழன்று, பர்லின் எல்லாம் வானத்தில் நிற்கும்.

கிளீட்டுக்கு இரண்டு போல்ட் வையுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஷீட்டைத் தூக்கும்போது ஒற்றை போல்ட்டில் பர்லின் சுழன்றுவிடும். கடைசியில் குறுக்குவெட்டு வியூ எடுத்து, பர்லின் வெப்புக்கும் (நிமிர்ந்து நிற்கும் நடுத்தகட்டுக்கும்) ராஃப்டர் மேல் ஃபிளாஞ்சுக்கும் இடையே கோணம் அளந்து பாருங்கள். 90 வராவிட்டால் டிராயிங் வெளியே போகக் கூடாது.