வேர்வையில் வந்த மீன் வாடை

இரங்கூனில் எங்கள் வீட்டில் காலையில் முட்டை போட்ட மொய்ங்காதான், அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். மத்தியானம் ஙாப்பி என்ற புளித்த மீன் விழுது இல்லாமல் சோறு இறங்காது. போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. குடலில் அழற்சி என்றார் டாக்டர். போக்கு நின்றபிறகும் உப்பசம் போகவில்லை, வேர்வையில் மீன் வாடை வேறு. துவைத்த சட்டை போட்டாலும் அரை மணி நேரத்தில் காலர் ஓரம் கருவாட்டுக் கூடை மாதிரி ஆகிவிடும். ஒருநாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா தட்டோடு எழுந்துபோனாள். அன்று இரவெல்லாம் அழுதேன்.

டாக்டர்தான் விளக்கினார். முட்டைக்கரு, ஈரல், பயறு வகைகளில் உள்ள கோலின் என்ற சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைன் என்ற மீன் வாடைப் பொருளாக மாற்றுகின்றன. கடல்மீன் தின்றாலும் அது உண்டாகும். நம் ஈரல் அதை வாடையில்லாததாக மாற்றிவிடும். அதற்குத் தாங்காத அளவு சேர்ந்தால் வேர்வை, மூச்சு, சிறுநீர் எல்லாவற்றிலும் வெளிவரும்.

ஆறு வாரம் முட்டை, ஈரல், கடலை, கடல்மீன், ஙாப்பி எல்லாவற்றையும் நிறுத்தினேன். குழைந்த கஞ்சி, சுரைக்காய், பூசணி, மோர். டாக்டர் தந்த வைட்டமின் பி2 மாத்திரை. சாதாரண சோப்பை விட்டு, பிஎச் (அமில அளவு) 5.5 உள்ளதை வாங்கினேன். லேசான அமிலம் அந்த வாடைப் பொருளைக் கட்டிப்போடும், தண்ணீரோடு போய்விடும். அம்மா தந்த சீரகத் தண்ணீர் உப்பசத்துக்கு இதமாக இருந்தது, வாடையை அது தொடவில்லை.

மூன்றாம் வாரம் காலரை மோந்து பார்த்தேன், சோப்பு வாசனை மட்டும். இப்போது ஆற்று மீன் சாப்பிடுகிறேன், அதில் அந்த வாடையைத் தரும் சரக்கு குறைவு. ஙாப்பி மாதம் ஒருமுறை, அதுவும் விரல் நுனியளவு.